காருக்குள் பெட்ரோல் வாடையா? எப்போ வருது, எங்கே வருதுன்னு பாருங்க... பாதிக் கோளாறு அங்கேயே தெரிஞ்சிடும்!

காரில் ஏறியதும் லேசாகப் பெட்ரோல் வாடை. 'பங்க்ல போடும்போது சிந்தியிருக்கும்' என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் சிலர். டேஷ்போர்டில் ஒரு பெர்ஃப்யூம் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் சிலர். பத்து நிமிடத்தில் வாடை போய்விட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால், பல நேரங்களில் வாடை அங்கேயேதான் இருக்கிறது. மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நல்ல நிலையில் உள்ள ஒரு பெட்ரோல் காருக்குள், டேங்க் ஃபுல்லாக இருந்தாலும், வெயிலில் நாள் முழுக்க நின்றிருந்தாலும், பெட்ரோல் வாடை வரக்கூடாது. வந்தால், எங்கோ ஏதோ ஒன்று கசிகிறது என்று அர்த்தம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டியிருக்கிறது. மாவட்டத் தலைநகரமாக இருந்தும் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திருச்சிக்கோ சென்னைக்கோ போகணும்னா பஸ், இல்லைன்னா கார். அதனால் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய காரை வாங்குகிற இளைஞர்கள் இங்கே அதிகம். மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். சுற்றிலும் மக்காச்சோளக் காடு, அதில் எலி. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி, அது கிளப்பும் தூசி. பெட்ரோல் வாடைக்கும் இதெல்லாத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பார்க்கலாம்.

வாடைதானே, அதுக்கு ஏன் பயப்படணும்?

எரிவது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அப்படியென்றால் நம்ம ஊர் வெயிலில் என்ன வேகத்தில் ஆவியாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு சின்னப் பொறி போதும். அந்தப் பொறி பேட்டரி வயரிலிருந்தும் வரலாம், உள்ளே பற்றவைக்கும் சிகரெட்டிலிருந்தும் வரலாம். இன்னொரு சிக்கல், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. காரின் தரையிலும், மூடிய ஷெட்டின் தரையிலும் தேங்கி நிற்கும்.

உடல்நலப் பக்கமும் ஒன்று உண்டு. பெட்ரோலில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. பிஎஸ்6 பெட்ரோலில் அது 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கொஞ்சத்தையும் மூடிய காருக்குள் தினமும் ஒரு மணி நேரம் சுவாசிப்பது நல்லதல்ல. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற கார் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதற்காக வாடை வந்த நொடியே கார் வெடித்துவிடும் என்று பதற வேண்டியதில்லை. தீப்பிடிக்கும் அளவை ஆவி எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தை பெர்ஃப்யூம் அடித்து வீணாக்காதீர்கள் என்பதுதான் விஷயமே.

வாடை குப்பென்று அடித்தால்: முதலில் இதைச் செய்யுங்க

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென வாடை பலமாக அடிக்கிறது, அல்லது நின்ற இடத்தில் காருக்கு அடியில் சொட்டுகிறது. அப்போது டயக்னாசிஸ் எல்லாம் அப்புறம்.

* ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். பின்னால் காய்ந்த புல், சருகு இல்லாத இடமாகப் பாருங்கள்.
* எல்லோரும் இறங்கி, காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும் திசையில் நல்ல தூரம் தள்ளிப் போங்கள். லக்கேஜ் எடுக்க நிற்க வேண்டாம்.
* 'இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்பது கூடவே கூடாது. சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடி, மறுபடியும் பெட்ரோலைத் தள்ளும்.
* பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் பானட்டைத் திறக்காதீர்கள். காற்று உள்ளே போனால் தீ எழும்பும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் பரவத்தான் செய்யும்.
* 112-க்கு அழையுங்கள். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் நிற்கிறீர்கள் என்றால் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு.

அப்படிப்பட்ட காரை மெக்கானிக் கடை வரை 'மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்று நினைக்க வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் சரி.

காரைச் சந்தேகப்படும் முன்...

வாடை லேசாகத்தான் இருக்கிறது, சொட்டு எதுவும் இல்லை. அப்படியென்றால் முதலில் சுலபமானதைப் பாருங்கள்.

டிக்கியைத் திறங்கள். தோட்டத்துக்குப் பவர் ஸ்பிரேயருக்கோ, களை எடுக்கும் மெஷினுக்கோ பெட்ரோல் வாங்கிப் போன கேன் உள்ளே கிடக்கிறதா? காலியான கேன் என்றாலும் அதற்குள் ஆவி நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் அந்த ஆவி மூடியைத் தாண்டிக் கசியும். இந்தப் பக்கத்து கார்களில் வாடைக்கு இது ஒரு சாதாரணக் காரணம். காருக்குள் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் கொண்டு போவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, பங்க்கில் தரையில் சிந்திய பெட்ரோலை மிதித்துவிட்டு ஏறினீர்களா? செருப்பையும் மேட்டையும் வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள். டேங்க் மூடியைச் சுற்றி வழிந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். இதுதான் காரணம் என்றால், ஒரு நாளில் வாடை முழுசாகப் போய்விட வேண்டும். அடுத்த நாளும் வந்தால், காரணம் காரில்தான்.

காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் உடனே பயந்துவிடவும் வேண்டாம். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். அதற்கு வாடை இருக்காது. சந்தேகமாக இருந்தால், ஒரு பெரிய வெள்ளை அட்டையை ராத்திரி காருக்கு அடியில் போட்டு வையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, முன்னாலா பின்னாலா என்று தெரியும். திறந்தவெளியில் மட்டும் இதைச் செய்யுங்கள். பார்ப்பதற்கு டார்ச் போதும், லைட்டரோ தீக்குச்சியோ பக்கத்திலேயே வரக்கூடாது.

ஆவியை கார் எப்படி அடக்கி வைக்கிறது?

டேங்க்கில் உள்ள பெட்ரோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே வெளியே விட்டால் காற்று மாசு, காசும் நஷ்டம். அதனால் டேங்க்கிலிருந்து ஒரு குழாய் 'கேனிஸ்டர்' என்ற டப்பாவுக்குப் போகிறது. அதற்குள் இருப்பது விசேஷமாகப் பதப்படுத்திய கரி. கார் நிற்கும்போது ஆவியை அந்தக் கரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது 'பர்ஜ் வால்வு' என்ற சின்ன வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும்.

இன்னொரு பக்கம், திரவப் பெட்ரோல் போகும் பாதை. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப், பெட்ரோலைக் குழாய் வழியாக முன்னால் இருக்கும் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. சாதாரண பெட்ரோல் கார்களில் இந்த அழுத்தம் 45 - 55 பிஎஸ்ஐ. டயரில் இருப்பதே சுமார் 33 பிஎஸ்ஐதான். டயர் பஞ்சர் ஆனால் எப்படிப் பீய்ச்சும்? அதைவிட அதிக அழுத்தத்தில் சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சினால்? டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் இன்ஜின் பக்கக் குழாயின் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு.

ஆக, வாடைக்கு இரண்டு ஊற்று. ஒன்று ஆவிப் பாதை, இன்னொன்று திரவப் பாதை. ஆவிப் பாதைக் கசிவு தொல்லை. திரவப் பாதைக் கசிவு ஆபத்து. எது என்று கண்டுபிடிக்க, கீழே உள்ளதைக் கவனியுங்கள்.

எப்போ வருது? எங்கே வருது?

மெக்கானிக்கிடம் போய் 'அண்ணே, வாடை வருது' என்று மட்டும் சொன்னால், அவர் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பார். பில் உங்களுக்கு. ஒரு வாரம் கவனித்துக் குறித்து வைத்துக்கொண்டு போனால், பாதி வேலை முடிந்த மாதிரி.

டேங்க் ஃபுல் பண்ணினால் மட்டும் வருது, பாதியானதும் நின்னுடுது: கோளாறு டேங்க்கின் மேல்பகுதியில். பெட்ரோல் போடும் குழாய், அதோடு சேரும் ரப்பர் ஓஸ், பம்ப் மேலுள்ள கேஸ்கட் ஆகியவற்றில் ஒன்று. பல ஹேட்ச்பேக் கார்களில் பம்ப் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். அண்மையில் பம்ப் மாற்றியிருந்தால், கேஸ்கட் சரியாக உட்காரவில்லையா என்று முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயிலில் நின்ற பிறகு, காரின் பின்பக்கம் வருது: டேங்க் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். அல்லது கேனிஸ்டர் நிரம்பிப் போய் ஆவியைப் பிடிக்க முடியாமல் விடலாம். மூடியைத் திறக்கும்போது லேசாக 'உஸ்' என்று சத்தம் வருவது சகஜம். பலமாகப் பீறிட்டால் ஆவி போகும் வழி அடைபட்டிருக்கிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருது, இன்ஜின் சூடானதும் போயிடுது: சைலன்சரிலிருந்து சில நொடிகள் வந்தால் இயல்பு. பானட் பக்கம் வந்தால், இன்ஜெக்டரின் ஓ-ரிங்கைச் சந்தேகப்படணும். ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். 'தானா சரியாயிடுது' என்று விட்டுவிடத் தோன்றும், விட்டுவிடக் கூடாத கசிவு இது.

நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம் கழித்து பானட் பக்கம் வருது: ஓடும்போது காற்றடித்துக் கலைந்துவிடும். நின்றதும் இன்ஜின் சூட்டில் கசிந்த துளி ஆவியாகும். குழாய் இணைப்பு, ஓஸ், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஏசியில் வெளிக்காற்று வைத்தால் வருது, உள்காற்றுக்கு மாற்றினால் குறையுது: வெளிக்காற்று நுழையும் இடம் முன்கண்ணாடிக்கு அடியில், பானட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கசிவு இன்ஜின் பக்கம். பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு முதலில் தெரிந்தால், கசிவு டேங்க் பக்கம். இந்த ஒரு சோதனையை யாரும் செய்யலாம்.

சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை, கூடவே வண்டி உதறுது: ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ வேலை செய்யவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறுகிறது. இதை இழுத்தடித்தால் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வீணாகும்.

ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை: ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகி, பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் இன்ஜினுக்கே கேடு.

பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக மறுக்குது: பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்க வாய்ப்பு அதிகம்.

மைலேஜ் திடீர்னு குறைஞ்சிருக்கு, வாடையும் வருது: திரவக் கசிவாக இருக்கலாம். ஓட்டாமல் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 'செக் இன்ஜின்' லைட் எரியவில்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஓஸ் வெளியே கசிவதை கார் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இங்கே உங்கள் மூக்குதான் சென்சார்.

'ரவுண்டா 2,000-க்குப் போட்டுடுங்கண்ணே!'

பங்க்கில் 'டக்' என்று சத்தம் வந்து பெட்ரோல் நிற்கும். மீட்டரில் 1,963 ரூபாய். 'ரவுண்ட் பண்ணிடுங்கண்ணே' என்போம். ஊழியர் துப்பாக்கியை இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துவார். பல கார்களில் வாடையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பங்க் துப்பாக்கியின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறி அந்த ஓட்டையை மூடியதும், காற்று நின்று, உள்ளே இருக்கும் விசை விடுபட்டு ஓட்டம் நிற்கும். அதுதான் ஆட்டோ கட். அதற்கு மேல் டேங்க்கில் காலியாக இருக்கும் இடம் வீணான இடம் இல்லை. ஆவிக்கும், சூட்டில் விரியும் பெட்ரோலுக்கும் ஒதுக்கிய இடம்.

35 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால், சுமார் 300 மில்லி கூடுதலாக விரியும். பூமிக்கடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்பி, காரை வெயிலில் நிறுத்தினால் அந்த 300 மில்லி எங்கே போகும்? ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் போகும். ஆவியை உறிஞ்சத்தான் அந்தக் கரி. திரவத்தில் நனைந்தால் அது தன் வேலையைச் செய்யாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2014 ஏப்ரலில் மாருதி சுஸுகி நிறுவனம் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா மாடல்களில் 1,03,311 கார்களைத் திரும்ப அழைத்தது. 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரான கார்கள் அவை. கோளாறு, பெட்ரோல் போடும் குழாயில். ஆட்டோ கட் அளவைத் தாண்டி நிரப்பினால் எரிபொருள் வாடை வரலாம், அரிதாகக் கசிவும் ஏற்படலாம் என்று அந்த நிறுவனமே சொல்லி, குழாயை இலவசமாக மாற்றித் தந்தது. டேங்க் கழுத்தில் ஒரு சின்னக் குறை, அதோடு 'ரவுண்ட் பண்ணும்' பழக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் வாடை. பழக்கத்தை விட்டால் ஆபத்தில் பாதி குறைகிறது.

ஆகவே பங்க்கில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'அண்ணே, ஆட்டோ கட் ஆனதும் போதும்.' ரவுண்டாக வேண்டும் என்றால் 1,000, 1,500 என்று முதலிலேயே தொகையைச் சொல்லிப் போடுங்கள்.

எலி, தூசி, எத்தனால்: நம்ம ஊர்க் காரணங்கள்

எலி. பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர் போனது. காட்டை ஒட்டி, களத்து மேட்டை ஒட்டி நிற்கும் காருக்குள் எலி ஏறுவது சகஜம். இன்ஜின் சூட்டுக்காக வந்து தங்கும், வயரையும் ரப்பரையும் கடிக்கும். ஓஸில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் போதும். வாரக்கணக்கில் நின்ற காரை எடுக்கும்போது, பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை, கடித்த துணுக்கு, கூடு கட்டிய பஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

தூசி. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும். லாரிகளுக்குப் பின்னால் ஓடும் கார்களில் ஏர் ஃபில்டரில் தூசி படிவது எல்லோருக்கும் தெரியும். கேனிஸ்டருக்கும் காற்று வாங்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் அடைபடும் என்பது பலருக்குத் தெரியாது. இதற்கு ஒரு அடையாளம் உண்டு: டேங்க் பாதிதான் இருக்கும், ஆனால் பங்க்கில் 'டக், டக்' என்று துப்பாக்கி திரும்பத் திரும்ப நிற்கும். பங்க் துப்பாக்கியில் கோளாறு என்று நினைப்போம். வேறு பங்க்கிலும் அப்படியே நடந்தால், ஆவி வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது.

எத்தனால். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது நாடு முழுக்கக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கார்கள்? சில பழைய வாகனங்களில், 20,000 முதல் 30,000 கி.மீ. போன்ற நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைந்த வேலைதான் என்று 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது.

எத்தனால் கலந்தால் எல்லாப் பழைய காரும் கசியும் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்து, பன்னிரண்டு வருஷக் காரை வைத்திருப்பவர்கள், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஓஸ் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லணும் என்பதுதான் பொருள். விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிறதா, பிசுபிசுப்பாக இருக்கிறதா, ஊதிப் போயிருக்கிறதா? இதில் எது இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

மெக்கானிக் கடையில் எதைக் கேட்கணும், எதை வேண்டாம்னு சொல்லணும்?

டேங்க் மூடி, ரப்பர் ஓஸ், கிளாம்ப், ஓ-ரிங் ஆகியவை சின்னச் செலவு. கேனிஸ்டர், பம்ப், டேங்க் ஆகியவை பெரிய செலவு. அதனால் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவதுதான் முறை. பார்க்காமலேயே 'டேங்க் மாத்தணும்' என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கசிவு என்றால் கண்ணால் காட்ட முடியும், அல்லது பிரஷர் கேஜ் போட்டு அழுத்தம் இறங்குவதைக் காட்ட முடியும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை இவை:

* பெட்ரோல் ஓஸில் எம்-சீல் பூசுவது, டேப் சுற்றுவது, சைக்கிள் டியூபைக் கட்டுவது. அழுத்தமுள்ள குழாயில் இது நிற்காது.
* கிடைத்த ஓஸை வெட்டிப் போடுவது. கார்பரேட்டர் காலத்து ஓஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்காது. இன்ஜெக்‌ஷனுக்கான ஓஸில் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' போன்ற தரக்குறியீடு அச்சிட்டிருக்கும். உங்கள் காருக்கான ஒரிஜினல் ஓஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.
* பழைய ஓ-ரிங்கையே திருப்பிப் போடுவது. கழற்றினால் புதுசு போடணும். விலை அற்பம்.
* பெட்ரோல் இருந்த டேங்க்கில் வெல்டிங். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி.

வேலை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வேலை செய்த இடம் ஈரமாகிறதா என்று நின்று பாருங்கள். ஃபுல் டேங்க்கில் வந்த வாடை என்றால், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஒரு ராத்திரி திறந்தவெளியில் நிறுத்திப் பார்த்தால்தான் சரியானதா என்று தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது என்ன? டேங்க் மூடியை மாற்றலாம், பார்வையால் சோதிக்கலாம். அத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும். யூடியூப் வீடியோ பார்த்து இணைப்பைக் கழற்றினால் பெட்ரோல் கண்ணில் பீய்ச்சும்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் மாட்டிய கார் என்றால், முட்டை அழுகிய மாதிரியான வாடை வேறு விஷயம். அது கேஸ் கசிவு. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, கிட் வேலை தெரிந்த அங்கீகாரம் பெற்ற இடத்துக்கே போகணும்.

செகண்ட் ஹேண்ட் காரா? இந்த ஒரு வேலையை மறக்காதீங்க

சில கோளாறுகள் ஓட்டுபவரின் தப்பு இல்லை, தயாரிப்பிலேயே வருபவை. 2014-ல் நடந்தது ஒரு உதாரணம். 2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் வேகன்ஆர் 1.0 மாடலில் 40,618 கார்களைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் ஓஸ் உலோக கிளாம்ப்பில் உரசும் சாத்தியம் இருக்கிறதா என்று சோதிக்க. 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரானவை அவை. பழுதான பாகத்தை மாற்றக் காசு வாங்கவில்லை.

இங்கேதான் செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களுக்குச் சிக்கல். திரும்ப அழைக்கும் தகவல், நிறுவனத்தின் பதிவில் இருக்கும் பழைய ஓனரின் நம்பருக்குப் போயிருக்கும். அவர் காரை விற்றிருப்பார், மெசேஜை அழித்திருப்பார். கோளாறு மட்டும் காரோடு சேர்ந்து உங்களிடம் வந்திருக்கும்.

தீர்வு எளிது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுவனத்தின் இணையதளத்திலோ, சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, 'இந்த காருக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கா?' என்று கேளுங்கள். வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான 'சியாம்' இணையதளத்திலும் ரீகால் பட்டியல் உண்டு.

முன்பு ரீகால் என்பது நிறுவனங்கள் தாமாகச் செய்வது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்த பிறகு, அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகளின்படி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வாகனங்களில் பாதுகாப்புக் கோளாறு இருந்தால் உரிமையாளர்கள் அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். போதுமான புகார்கள் சேர்ந்தால் கட்டாய ரீகால், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். சர்வீஸ் சென்டர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால், உங்கள் கார் எரிந்துபோனால் ஒரு ரூபாய் வராது. முழுமையான பாலிசியில்தான் தீ விபத்துக்கு இழப்பீடு உண்டு. ஆர்.சி.யில் பதியாத கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதுவும் மறுக்கப்படலாம். பழைய காருக்குக் காசை மிச்சம் பிடிக்க மூன்றாம் நபர் பாலிசிக்கு மாறியவர்கள், வாடை வரும் காரை ஓட்டும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளணும்.

சுருக்கமா...

* வாடை பலமாக இருந்தாலோ, சொட்டினாலோ: நிறுத்து, இறங்கு, தள்ளிப் போ, ஸ்டார்ட் செய்யாதே.
* லேசாக இருந்தால்: டிக்கி கேன், செருப்பு, டேங்க் மூடி முதலில்.
* தொடர்ந்தால்: எப்போ, எங்கே, டேங்க் எவ்வளவு இருந்தது என்று போனில் குறித்துவையுங்கள்.
* பானட் பக்கம் வரும் வாடையை அன்றைக்கே காட்டுங்கள். டேங்க் பக்கம் வருவதை அந்த வாரத்துக்குள். ஈரமோ கறையோ தெரிந்தால் அதையும் அன்றைக்கே.
* ஆட்டோ கட்டுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.
* காரில் இருப்பவர்களுக்கு வாடை பழகிப்போயிருக்கும். சந்தேகம் இருந்தால் வெளியே நிற்கும் ஒருவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால், அடுத்த டிரிப் மெக்கானிக் கடைக்கு.